ஈரச்சாக்கு பாயின் மூன்றாவது கேள்வி

இழுத்துக் கட்டிய எதையும் நம்பாத மனிதர் என்று இந்த உலகத்தில் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ராயபுரத்து ஈரச்சாக்கு பாய். துணி காயப்போடும் கொடி, கல்யாணப் பந்தலின் கயிறு, பட்டம் விடும் நூல், ஏன், ஆட்டோவின் பின்னால் பெட்டியைக் கட்டியிருக்கும் ரப்பர் பட்டை வரைக்கும், இறுக்கமாக இருப்பது எதுவானாலும் என்றைக்காவது அறுந்து ஓர் அப்பாவியின் மேல்தான் விழும் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த அப்பாவி நான்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "தள்ளி நில்லுமா" என்பதுதான் தினமும் காலையில் அவர் எனக்குச் சொல்லும் வணக்கம்.

நான் அப்போது ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தேன். மாடியில் ஆபீஸ், கீழே பாய் கடை. கடை என்றால் நாலு பேர் சேர்ந்து நிற்க முடியாத ஒரு சந்து. அதற்குள் உத்தரத்திலிருந்து தரைவரை கயிறு, சங்கிலி, இரும்புக் கொக்கி, ஷேக்கிள். ஷேக்கிள் என்பது லாடம் மாதிரி வளைத்த இரும்பு. அதன் வாயைத் திருகாணி போட்டு மூடுவார்கள். கயிற்றை வண்டியோடு இணைப்பது அதுதான். கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது, ஆனால் அதன் முன்னாலும் கயிறு தொங்கியதால் பாயின் உண்மையான பெயர் கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

பலகைக்குப் பதிலாக பாய் தன் கைகளைத்தான் விளம்பரமாக வைத்திருந்தார். புதிதாக யார் வந்தாலும் இரண்டு கையையும் விரித்து முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"எண்ணிக்கோ நைனா. பத்து கீதா? இந்த பஜார்ல கயிறு விக்கிறவன் எவன்கிட்டயாவது பத்து விரலு கீதான்னு போய்ப் பாரு. அப்பால வா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. கயிறும் சங்கிலியும் இழுத்துப் பிழைக்கிற தெருவில் விரல் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். பாய்க்கு முடி கொட்டிவிட்டது, பல் ஆடுகிறது, முட்டி வலி வேறு. ஆனால் விரல் மட்டும் கடையில் அடுக்கிய புது மெழுகுவத்தி போல வரிசையாக இருந்தது. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

பட்டப்பெயருக்குக் காரணம் சாக்கு. இழுபடுகிற கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கைப் போட்டு வைத்தால், கயிறு அறுந்தாலும் சாக்கின் பாரம் அதைத் தரையில் அமுக்கிவிடும், சாட்டை மாதிரி வீசி ஆளை அடிக்காது. இது நியாயமான யோசனை. வண்டி இழுப்பவர்கள் செய்வதுதான். பாயின் வியாதி என்னவென்றால் அவர் அதை எல்லாவற்றுக்கும் செய்தார். எங்கள் மொட்டைமாடியில் வாட்ச்மேன் லுங்கி காயப்போடுகிற கொடியில் ஒரு நாள் ஈரச்சாக்கு தொங்கியது. லுங்கி காயவே இல்லை. வாட்ச்மேன் கீழே போய் சத்தம் போட்டதற்கு, "லுங்கி காயலன்னா வேற லுங்கி கட்டு. கண்ணு போனா வேற கண்ணு கட்டுவியா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

சொந்தக்காரர் கல்யாணத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை. தண்டையார்ப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பந்தல் கயிறு போகிற பாதையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றினார். மாப்பிள்ளையின் தகப்பனாரையும் மாற்றினார். அவர் கடைசியில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். அந்தச் சம்பந்தி அதற்குப் பிறகு பாயோடு பேசுவதில்லை என்று கேள்வி.

உச்சம் என்றால் எங்கள் தெருவில் பொங்கலுக்கு நடந்த கயிறு இழுக்கும் போட்டி. இரண்டு பக்கமும் மீன்பிடித் துறைமுகத்து ஆட்கள், ஒவ்வொருவரும் ஒரு பீரோ அளவு. விசில் ஊதப் போகும் நேரத்தில் பாய் நடுவில் வந்து நின்றுவிட்டார். வரிசையாகப் போய் ஒவ்வொருவர் கையையும் பிரித்துப் பார்த்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டவர்களையெல்லாம் ஸ்கூல் வாத்தியார் மாதிரி முறைத்துச் சுற்றை அவிழ்த்துவிட்டார். "சுத்திக்கினு இழுத்தா கயிறு ஜெயிக்கும், உன் வெரலு தோக்கும்" என்றார். பிறகு கயிற்றின் நடுவில் இரண்டு ஈரச்சாக்கைப் போட்டார். விசில் ஊதியதும் சாக்கிலிருந்து தண்ணீர் தெறித்து, தரை சேறாகி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வழுக்கி விழுந்தன. நடுவர் முதலில் விழுந்தார். பரிசாக வைத்திருந்த ஆட்டுக்குட்டி இந்தக் கலவரத்தில் ஓடிப்போய்விட்டது.

இவ்வளவும் சகித்துக்கொள்ளலாம். அவரிடம் ஒரு பொருள் வாங்குவதுதான் கஷ்டம். பாய் யாருக்கும் சுலபத்தில் விற்கமாட்டார். மூன்று கேள்வி கேட்பார். முதல் கேள்வி, "இன்னாத்த கட்டப் போற?" இரண்டாவது, "எத்தால இழுக்கப் போற?" இந்த இரண்டுக்கும் எல்லோரும் டக்கென்று பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

"இழுக்கும்போது நீ எங்க நிப்ப?"

லாரி டிரைவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். கயிறு வாங்க வந்த இடத்தில் நிற்கிற இடத்தைக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது. "பக்கத்துலதான் நிப்பேன், வேற எங்க நிக்கறது?" என்று யாராவது சொன்னால் போச்சு. பாய் கயிற்றைச் சுருட்டி மறுபடி கொக்கியில் மாட்டிவிடுவார். "வூட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வா நைனா." அவர்கள் யோசிக்காமல் நேரே எதிர்க்கடைக்குப் போவார்கள். எதிர்க்கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் விற்று நன்றாக இருந்தார்.

"இப்படிக் கேட்டுகினு இருந்தா யாரு பாய் வாங்குவாங்க?" என்று ஒருமுறை நான் கேட்டேன்.

"வாங்காதவன் காலு ஒடஞ்சா அது என் கயிறு இல்லல்ல. அந்த நிம்மதி போதும்மா."

இப்படிப்பட்டவருக்குப் பின்னால் ஒரு பெரிய சோகக்கதை இருக்கும் என்று நானும் உங்களைப் போலவே நினைத்தேன். இளவயதுத் தோழன், துறைமுகம், அறுந்த கயிறு, ரத்தம் என்று மனதுக்குள் எல்லாம் தயார் செய்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்து மெல்லக் கேட்டேன். பாய் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"ஒன்னுமே ஆவலமா. ஏன், ஆவணுமா?"

எனக்கு அந்த டீ வீணாகிவிட்டதே என்று இருந்தது.

இனி எங்க வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன். அவர் பெயர் கதிர். திருவொற்றியூரில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கு அடியில் படுத்தே கழித்து, ஒருவழியாக ஓடவைத்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்க்காத மனிதர், அந்த ஜீப்பின் போட்டோவைச் செல்போன் முகப்பில் வைத்திருந்தார். ரோடு இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டி அது என்று சொல்லிக்கொள்வார். ரோடு இருக்கிற இடத்தில் அது ஓடாது என்பதை நான் வெளியில் சொல்வதில்லை.

சேற்றில் மாட்டினால் இழுக்க சாமான் வேண்டும் என்று பாய் கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். பாய் வண்டியின் எடை கேட்டார். சேறு எப்படி இருக்கும் என்று கேட்டார். "உள்ள யாரு குந்துவாங்க?" என்றார்.

"நானும் இவளும்" என்றார் கதிர்.

பாய் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். எடுத்து வைத்திருந்த ஷேக்கிளை உள்ளே போட்டுவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்தார். நான் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை, அது வேறு விஷயம்.

பிறகு புது நைலான் கயிறு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது கொஞ்சம் நீண்டு குடுக்கும். வண்டிய உலுக்காம இழுக்கும். எல்லாம் சரி. இழுக்கும்போது நீ எங்க நிப்ப?"

"முடிச்சு அவுந்துடாம பார்த்துக்கணும்ல பாய். கயித்துக்கிட்டதான் நிப்பேன்."

கயிறு கொக்கிக்குத் திரும்பிப் போனது. "வூட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வா நைனா."

கதிருக்கு முகம் சிவந்துவிட்டது. "துட்டு குடுத்து வாங்க வந்தா பரீட்சை வெக்கிறாரு. இன்னா மெர்சல் காட்டுறாரு இவரு" என்று வழியெல்லாம் பொருமினார். மறுவாரமே ஹார்பரில் வேலை செய்கிற தோஸ்து ஒருவரிடமிருந்து ஒரு கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கப்பலைக் கரையில் கட்டுகிற கயிறு. என் கை மொத்தம் இருந்தது. வட சென்னையில் எங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. கப்பலில் இருந்து வந்தது எதுவானாலும் அதற்கு அழிவே கிடையாது. கப்பல் பெயின்ட் அடித்த கதவு, கப்பல் பலகையில் செய்த கட்டில், கப்பல் கயிறு. "கப்பலையே புடிச்சி வெச்ச கயிறு, நம்ம ஜீப்பு இன்னா தூசு" என்று அதை வண்டியின் பின்னால் சுருட்டி வைத்துத் தட்டிக்கொடுத்தார்.

நான் இதைப் பாயிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கப்பலே வேணாம்னு தூக்கிப் போட்ட கயித்த இவரு எதுக்குமா தூக்கிகினு வர்றாரு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் போனோம். கடல் வற்றியிருந்த நேரம். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேறும் கலந்து, அகலமாக, பார்க்க நல்ல மைதானம் மாதிரி கிடந்தது. மேலே அப்பளம், கீழே தோசை மாவு என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. கதிர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஜீப் உட்கார்ந்துகொண்டே போனது. பின்சக்கரம் இரண்டும் பாதி மறைந்ததும் இறங்கி நின்று, "இதுக்குத்தான் கயிறு கொண்டாந்தேன்" என்றார், ஏதோ மாட்டிக்கொள்வதற்காகவே வந்தவர் போல.

பக்கத்துக் குப்பத்திலிருந்து ஏழுமலை என்பவர் டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். படகுகளைக் கரைக்கு இழுத்து விடுவது அவர் தொழில். வந்ததும் ஜீப்பைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார்.

"ஏறிக்கினு வருது சார். பொழுது சாயறதுக்குள்ள பானெட்டு முழுகிடும். ஜல்தியா கட்டு."

கதிர் கப்பல் கயிற்றை ஜீப்பின் பின்னால் இருந்த வளையத்தில் முடிச்சுப் போட்டார். குரோம் பூசிய பளபள வளையம், அவரே ஆசையாக வெல்டிங் வைத்தது. மறுமுனையை டிராக்டரில் கட்டினார். அதற்குள் எங்கிருந்தோ ஊரே வந்துவிட்டது. கயிற்றின் இரண்டு பக்கமும் தேர் பார்ப்பது போல வரிசையாக நின்றுகொண்டார்கள். கதிர் ஜீப்புக்குப் பின்னால், கயிற்றின் இரண்டு பக்கமும் இரண்டு காலையும் ஊன்றி, முடிச்சின் மேல் குனிந்து நின்றார்.

"நீ இழு ஏழுமலை. நான் முடிச்ச பார்த்துக்கறேன்."

என் காதில் அந்த மூன்றாவது கேள்வி கேட்டது. இத்தனை நாளும் நான் கேலி செய்த கேள்வி. பார்த்தால் என் புருஷன் நிற்கிற இடம் அதற்கு மிகத் தப்பான பதில். "நிறுத்துங்க" என்று கத்திவிட்டுப் பாய்க்குப் போன் போட்டேன்.

அவர் தண்டையார்ப்பேட்டையில் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் இருந்தார். பின்னால் தட்டுகள் சத்தம். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டார்.

"இப்போ உன் வூட்டுக்காரர் எங்க நிக்கிறாரு?"

"கயித்து மேல ரெண்டு பக்கமும் காலு போட்டுகினு நிக்கிறாரு பாய்."

தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நான் வர்றேன். அதுவரைக்கும் யாரும் இழுக்கக்கூடாது. இன்னா பண்ணுவியோ தெரியாது, இழுக்க வுடாத."

நான் ஒன்றே ஒன்றுதான் செய்தேன். அந்தக் கப்பல் கயிற்றின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஈரச்சாக்கு கிடைக்காத இடத்தில் நான்தான் ஈரச்சாக்கு.

"எழுந்திரு" என்றார் கதிர்.

"மாட்டேன்."

"தண்ணி வந்துகினு கீதுடி."

"வரட்டும்."

"வண்டி போயிடும்."

"போவட்டும். வேற வண்டி வாங்கலாம். உங்க காலு எந்தக் கடைல கெடைக்கும்?"

"அந்த ஆளு உனக்கு இன்னா மந்திரம் போட்டான்? கப்பல் கயிறுடி இது."

"யோவ், நான் எழுந்துக்க மாட்டேன். டிராக்டர என் மேல ஏத்திட்டு இழு."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஊர் முன்னால் நான் அவரை யோவ் என்று சொன்னது அதுதான் முதல் முறை. ஏழுமலை நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். மீன் கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மா, என்ன தகராறு என்றே தெரியாமல், "அந்தப் பொண்ணு சொல்றதும் நாயந்தான்" என்று வந்து என் பக்கத்தில் கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். கூடையையும் வைத்துக்கொண்டார். கதிர் போய் பானெட்டின் மேல் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் தொங்கியிருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டும் அவர் கை பட்டது. தண்ணீர் முன்சக்கரத்தைத் தொட்டுவிட்டது. நான் மட்டும் எழுந்திருக்கவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டி ஒருவர் வருவதென்றால் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். பாய் தன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை, முன்னால் ஒரு பை, தோளில் சாக்கு. வந்ததும் யாருக்கும் சலாம் சொல்லவில்லை. சாக்கைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு நேரே குரோம் வளையத்திடம் போனார். விரலால் சுண்டினார்.

"இன்னா நைனா இது?"

"ரிங்கு பாய். வண்டி இழுக்க."

"இது மூக்குத்தி. மூக்குத்திய புடிச்சி ஆள இழுக்கலாமா? மூக்குதான் வரும்."

அடுத்த நிமிடம் அந்த வெள்ளை ஜிப்பாவோடு சேற்றில் மல்லாந்து படுத்து ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். வண்டியின் அடிச்சட்டத்தில் கம்பெனிக்காரனே போட்ட கொக்கி எங்கே என்று சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே வரும்போது அவரும் சேறும் ஒரே நிறம். பல் மட்டும் தெரிந்தது.

"கொக்கி கீது. கயிறு கடைசி. மொதல்ல தோண்டு."

"தோண்டவா? தண்ணி வந்துகினு கீது பாய்" என்றார் கதிர், அழுகிற குரலில்.

"அதனாலதான் சொல்றேன். சேறு வண்டிய புடிச்சிகினு கீது. அது கையெடுக்காம இழுத்தா யாரு ஜெயிக்கிறதுன்னு சண்டைதான். தோண்டு."

தோண்டினோம். மண்வெட்டி ஒன்று, படகுத் துண்டுப் பலகை இரண்டு, மீதிப் பேர் கையாலேயே. மீன்கார அம்மா கூடையை ஓரமாக வைத்துவிட்டு வந்து தோண்டினார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னார் பாய். சக்கரத்துக்குப் பின்னால் பலகையைச் செருகினோம். ஏழுமலைக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"பாய், நாங்க தெனம் படகு இழுக்கறவங்க. இந்த மாதிரி கயித்துலதான் இழுக்கறோம். ஒன்னும் ஆனதில்ல."

"படகு வழுக்கிகினு வந்துடும் மாமு. இது வராது. வராதப்போ டிராக்டருக்கு வர்ற கோவம் அத்தினியும் கயித்துக்குள்ள போயி குந்திக்கும். அறுந்தா அந்தக் கோவம் யாரு மேல போவும்? உனக்கு முதுகு கீதுல்ல?"

ஏழுமலை தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தானாகவே போய் ஒரு கனமான பலகையை எடுத்து டிராக்டர் சீட்டுக்குப் பின்னால் கட்டினார்.

பாய் பையிலிருந்து புதிய நைலான் கயிற்றை எடுத்தார். அன்றைக்குக் கதிருக்குக் கொடுக்காமல் கொக்கியில் மாட்டியதே, அதுதான். நிச்சயதார்த்தத்துக்குப் போனவர் கடையைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு முனையில் பின்னியிருந்த வளையத்தை டிராக்டரின் இழுவைக் கம்பியில் மாட்டினார். மறுமுனைக்கு ஷேக்கிளை எடுத்தார். நல்ல பெரிய ஷேக்கிள். கடையில் அவர் தலைக்கு மேலேயே தொங்கும், யாருக்கும் கொடுக்கமாட்டார். தண்ணீர் பின்சக்கரத்துக்கு வந்துவிட்டது. கதிர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாய் திருகாணியைப் பாதி திருகினார். நிறுத்தினார். கழற்றினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடி திருகினார். மறுபடி கழற்றினார்.

"இது வேணாம்."

"பாய்" என்றார் கதிர். அந்த ஒரு வார்த்தையில் ஒரு மனிதன் எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு இருந்தது.

"ஆணி முழுசா உள்ள போவல நைனா. வாயி கொஞ்சம் விரிஞ்சிட்டுகீது."

"உங்க ஷேக்கிள்தானே பாய். நீங்களே தலைக்கு மேல மாட்டி வெச்சிருந்தீங்களே."

"ஆமா. நான்தான் பார்க்காம வுட்டுட்டேன். என்னுதுன்னா ஒடயாதா?"

மொபெட் பெட்டியில் இன்னொன்று இருந்தது. மொபெட் ரோட்டோரம் நின்றது. அந்த முட்டி வலிக்காரர் சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கி எடுத்து வைத்து ரோட்டுவரை போய், பெட்டியைத் திறந்து, எடுத்து, பார்த்து, மறுபடி அதே நடையில் திரும்பி வந்தார். கூட்டத்தில் யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அது நான்தான். இவ்வளவு நேரம் கயிற்றின் மேல் உட்கார்ந்து சண்டை போட்டவளுக்கே, வாயில் வந்ததைச் சொல்லிப் பாயை உலுக்கிவிடலாமா என்று இருந்தது.

ஷேக்கிள் மாட்டியாயிற்று. கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு போட்டாயிற்று. பிறகு பாய் ஊரைப் பார்த்துத் திரும்பினார். கயிற்றோரம் நின்ற ஒவ்வொருவரிடமும் போய் அதே கேள்வி.

"நீ எங்க நிப்ப? இங்கயா? போ. நீ? கயித்த தாண்டாத, சுத்திகினு போ. போ, போ. இன்னும் போ."

குதிகாலால் சேற்றில் ஒரு கோடு கிழித்து, கயிற்றைப் போல ஒன்றரைப் பங்கு தூரத்துக்கு அப்பால் எல்லோரையும் தள்ளினார். என்னிடம் வந்தபோது நான் கேள்விக்குக் காத்திருக்காமல் போய் நின்றுகொண்டேன். கடைசியாக ஜீப்பின் ஜன்னலுக்குப் போனார்.

"நைனா, தலைய குனிஞ்சிக்கோ. மெதுவா ரிவர்ஸ் குடு. வண்டி வர்லன்னா வுட்டுடுவோம். உன்ன வுட மாட்டோம். புரிதா?"

கதிர் தலையாட்டினார்.

ஏழுமலை முதல் கியரில், உலுக்காமல், மெல்ல நகர்ந்தார். கயிறு எழுந்தது. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. கயிறு நீண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சேற்றிலிருந்து ஒரு பெரிய சப்பென்ற சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தபோது, தட்டிலிருந்து இட்லி எடுத்த மாதிரி, ஜீப் இரண்டு குழியை விட்டுவிட்டு மேலே வந்து நின்றிருந்தது.

அவ்வளவுதான். கயிறு அறுந்து பறக்கவில்லை. ஷேக்கிள் உடையவில்லை. யாரும் யாரையும் காப்பாற்றப் பாய்ந்து விழவில்லை. கோட்டுக்கு அப்பால் நின்ற ஊர் ஏமாந்துபோனது. "இதுக்கா இவ்ளோ பேஜாரு பண்ணாரு?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மீன்கார அம்மாகூட, "நான் இன்னாவோ நெனச்சேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். பாய் மட்டும் சேறு வழிகிற இரண்டு கையையும் தூக்கிப் பார்த்து, விரலை எண்ணிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

கதிர் இறங்கி வந்து பாயின் கையைப் பிடித்தார். ஆனாலும் மனிதருக்கு வாய் சும்மா இருக்குமா. "கப்பல் கயித்துல இழுத்திருந்தாலும் வந்திருக்கும் பாய்" என்றார்.

பாய் சேற்றில் கிடந்த அந்தக் கயிற்றை எடுத்து, ஓர் இரும்புக் குச்சியைப் புரிக்குள் செருகி, பிரித்துக் காட்டினார். வெளியே என் கை மொத்தம் இருந்த கயிற்றின் உள்ளிருந்து பொடி கொட்டியது. நூலெல்லாம் அரைபட்டு மாவாகியிருந்தது. பாய் ஒரு பிடி அள்ளிக் கதிரின் உள்ளங்கையில் வைத்தார்.

"மணலு" என்றார் கதிர், விட்டுக்கொடுக்காமல்.

"இருக்கும்" என்றார் பாய்.

வீடு வரும்வரை எனக்கு யோவ் என்று சொன்ன வெட்கம். மறுநாள் ஆபீசுக்குப் போனபோது கீழே பாய் கடை வாசலில் எங்க ஜீப் நின்றது. கதிர் உள்ளே நின்று பாடம் ஒப்பிப்பது போல, "கோட்டுக்கு அப்பால நிப்பேன் பாய். கயித்த தாண்ட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாய் அந்த நைலான் கயிற்றைத் துடைத்து அவர் கையில் வைத்தார். தலைக்கு மேல் தொங்கிய ஷேக்கிள் அங்கே இல்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதென்று அதை அறுத்துத் துண்டாக்கி, காலடியில் போட்டு வைத்திருந்தார்.

எங்கள் ஆபீஸ் பிறகு எண்ணூர் பக்கம் மாறிவிட்டது. பாய் அதே சந்தில், அதே மூன்று கேள்வியோடு இன்னமும் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். நான் இதை எழுதுகிறேன் என்று போனில் சொன்னபோது, "என்னப் பத்தி எழுத இன்னாமா கீது? ஒன்னும் ஆவலயே" என்றார்.

ஒன்றும் ஆகவில்லைதான். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, கதிர் ஹாலில் டிவி முன்னால் இரண்டு காலையும் நீளமாக நீட்டி உட்கார்ந்துகொள்வார். சமையலறைக்கு அதுதான் வழி. கையில் சூடான பாத்திரத்தோடு வந்து நின்று, காலை மடக்குங்க என்று கத்துவதற்கு வாயைத் திறப்பேன். அப்புறம் அந்த இரண்டு காலையும் ஒரு நிமிஷம் பார்ப்பேன். ஒன்றும் சொல்லாமல், தாண்டாமல், சுற்றிக்கொண்டு போவேன்.